அடுப்படியில் வைத்த ஏடு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பிணி. வேலை புறக்கோட்டையில், தினமும் 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியே போய்வருகிறார். "கிரகணத்தண்டு வாசல்படி தாண்டக் கூடாதெண்டு மாமி சொல்லுறா. இந்த பஸ் புகையைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. இது பிள்ளைக்குப் போகுமா?"

போகும். பெல்ஜியத்தின் ஹசெல்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் நச்சுக்கொடியின் பிள்ளைப் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டார்கள். தாய் மூச்சில் இழுத்த கரி அது. கிரகண நிழலுக்குக் கருப்பைக்குள் போக வழியே இல்லை. மாமியின் அக்கறை உண்மையானது; அது தவறான இடத்தில் காவல் நிற்கிறது என்பதுதான் என் வருத்தம்.

காலி வீதியிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் நானும் இருக்கிறேன். ஜன்னல் கம்பியை நேற்று ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் ஒட்டியது செம்மண் புழுதி அல்ல, விரலில் தேய்த்தால் மைபோல் இழுபடும் கறுப்பு. கண்ணுக்குத் தெரியும் இந்தக் கறுப்பைவிட, தெரியாததே ஆழமாகப் போகும். 2.5 மைக்ரோமீற்றருக்குச் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை இறங்குகின்றன. காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் சட்ட எல்லை 25. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் இந்தியப் பக்கத்துப் புகையும் வந்து சேரும். 2022 டிசம்பரில் கொழும்பே மங்கிக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

துகள் எங்கே தாக்குகிறது? கலத்தின் சக்தி நிலையமான இழைமணியைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதற்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு: 16,569 எழுத்துச் சோடிகள், 37 பரம்பரையலகுகள், வட்ட வடிவம், தாயிடமிருந்து மட்டுமே வருவது. கலத்தின் மையமான கலக்கருவிலுள்ள டி.என்.ஏ.யைப் போல ஹிஸ்ரோன் என்னும் புரதங்களில் சுற்றி வைக்கப்பட்டதும் அல்ல. ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கும் சவ்வுக்குப் பக்கத்திலேயே அது கிடக்கிறது. அடுப்படியில் வைத்த ஏடு என்றே சொல்வேன்.

அந்த அடுப்பிலிருந்து எப்போதும் சில இலத்திரன்கள் சிந்தும். டீசல் கரியில் ஒட்டிவரும் குயினோன்கள் என்னும் இரசாயனங்கள் அதை மோசமாக்குகின்றன. குயினோன் ஓர் இலத்திரனை வாங்கி ஒட்சிசனிடம் கொடுக்கும். கொடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, மறுபடி வாங்கப் போகும். தான் தீராமலே ஒரு மூலக்கூறு திரும்பத் திரும்பத் தீங்கான ஒட்சிசனை உண்டாக்குகிறது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் ஒட்சியேறிப் பழுதாவது இப்படித்தான். விறகுப் புகையிலும் டீசல் புகையிலும் உள்ள பென்சோபைரீன் என்னும் இரசாயனம் வேறு விதம்: கலம் அதை மாற்றியமைக்கும்போது பிறக்கும் பொருள் டி.என்.ஏ.யிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய பருத்த ஒட்டை வெட்டியெடுக்கும் ஏற்பாடு கலக்கருவுக்கு உண்டு, இழைமணிக்கு இல்லை.

பிறகு எப்படிப் பிழைக்கிறோம்? என்னை மயக்கிய இடம் இதுதான். நம் முன்னோர் செல்லரித்த ஓலையை ஒட்டித் தைத்துக்கொண்டிருக்கவில்லை. நல்ல ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டுப் பழையதை ஆற்றிலோ தீயிலோ விட்டார்கள். இழைமணியும் அதையே செய்கிறது. ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால், முறிந்த பிரதியைச் சில மணி நேரத்துக்குள் சிதைத்துவிட்டு, நல்லதொன்றிலிருந்து படியெடுக்கிறது. 2018இல் தெரியவந்தது இன்னும் அழகு: படியெடுக்கும் நொதியமே முறிந்த பிரதியைச் சிதைக்கும் வேலையிலும் கைகொடுக்கிறது. எழுதுகிறவரே எரிப்பவரும்!

பெயர்த்தெழுதும்போது பிழை விழும். அப்போது ஒரே கலத்துக்குள் மூலமும் பாடபேதமும் சேர்ந்து வாழும். பிழையான பிரதிகள் பெரும்பாலும் 60 சதவீதத்தைத் தாண்டிய பிறகே கலம் தடுமாறத் தொடங்கும். அதுவரை நல்ல பிரதிகள் சமாளித்துக்கொள்ளும்.

ஆகவே பிரதிகளின் எண்ணிக்கையே ஒரு கணக்கேடு. புகை தாக்கும்போது சில இடங்களில் அது ஈடுசெய்யக் கூடுகிறது. பென்சீனோடு வேலைசெய்தவர்களின் இரத்தத்தில் அப்படிக் கண்டார்கள். எரிப்பது எழுதுவதை மிஞ்சினால் குறைகிறது. பெல்ஜியத்தில் 2012இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் காற்றிலுள்ள 10 மைக்ரோமீற்றர் வரையான துகள்கள் கனமீற்றருக்கு 10 மைக்ரோகிராம் கூடியபோது, நச்சுக்கொடியின் இழைமணி டி.என்.ஏ. சுமார் 16 சதவீதம் குறைவாக இருந்தது. வீடு பெருவீதியிலிருந்து விலகியிருக்க அந்த டி.என்.ஏ.யின் அளவு கூடியது. இது தொடர்பைக் காட்டுகிறது. எந்தப் பிள்ளைக்கு என்ன நேரும் என்று சொல்லவில்லை.

இந்த அளவீட்டுக்கு விண்கலம் தேவையில்லை. இழைமணியின் ஒரு பரம்பரையலகையும் கலக்கருவின் ஒன்றையும் படியெடுத்துப் பெருக்கி ஒப்பிட்டால் போதும். கொழும்பில் அப்படிப் பெருக்கும் இயந்திரமும் உண்டு, படித்த பிள்ளைகளும் உண்டு. ஆனால் இந்த நாடு ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். நம் தாய்மாரின் நச்சுக்கொடி என்ன சொல்கிறது என்பதை ஐரோப்பியத் தாய்மாரை வைத்து ஊகிக்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தங்கைக்கு: பயந்து வேலையை விட வேண்டாம். நெரிசலுக்கு அரை மணி முந்திப் புறப்பட முடிந்தால் புறப்படுங்கள்; தரிப்பிடத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் பஸ்ஸின் பின்பக்கம் நிற்காதீர்கள். வீட்டில் விறகடுப்பு எரிந்தால் அந்த நேரம் குசினிக்குள் இருக்க வேண்டாம். மாமியிடமும் சொல்லுங்கள், அடுப்பைக் கொஞ்ச நாள் அவரோ மகனோ பார்த்துக்கொள்ளட்டும், ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு.