அந்த டீ காட்சியை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்

மறுபடியும் ஒரு வெந்நீர்ப் பை. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத இளைஞர், குதிகாலில் பெரிய கொப்புளம். குளிருமே என்று பையைக் காலடியில் வைத்தது நண்பர்தான். "அவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே மேடம், படத்திலேயே காலில் சூடான டீயை ஊற்றிக் காட்டுவார்களே" என்றார்.

2011-இல் வந்த 'இன்டச்சபிள்ஸ்' என்ற பிரெஞ்சுப் படத்தைச் சொல்கிறார். 2016-இல் தமிழில் 'தோழா' என்று வந்ததே, அந்தப் படத்தின் அசல் இதுதான். பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த பாரிஸ் பணக்காரர் பிலிப்; அரசு உதவித்தொகைக்காக, வேலை தேடியதாகக் கையெழுத்து வாங்க வந்து அவருக்கு உதவியாளராகிவிடும் புறநகர் இளைஞன் திரிஸ். 1993-இல் அப்படி விபத்துக்குள்ளான பிலிப் போட்சோ தி போர்கோவின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. எனக்கும் பிடித்த படம்தான். இரக்கப்படாமல் பழகுகிறான் என்பதற்காகவே பிலிப் அவனை வைத்துக்கொள்வது எவ்வளவு உண்மை! ஆனால் திரிஸ் சூடான டீயை அவர் காலில் ஊற்றிப் பார்க்கும் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வலிக்கவில்லை என்றால் காயமில்லை என்று யார் சொன்னது? மூளைக்குச் செய்தி போகும் வழி அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். தோல் உங்கள் தோலைப் போலவேதான் வேகும். நாய் குரைக்கவில்லை என்பதால் திருடன் வரவில்லை என்று ஆகிவிடுமா? உங்களுக்குச் சுட்டால் காலை இழுத்துக்கொள்வீர்கள். அவரால் முடியாது, அதனால் அவருக்குத்தான் ஆழமாக வேகும். ஆறுவதற்கும் மாதக்கணக்காகும். இதைப் படித்தவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிலிப்பைப் போலக் கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அடிபட்ட இடத்துக்குக் கீழே புண்ணோ, மூத்திரம் போக மாட்டியிருக்கும் குழாயில் அடைப்போ இருந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மண்டை இடிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தணியவில்லையா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உணர்ச்சியில்லாத இடத்தில் ஒத்தடம் வேண்டாம். குளிக்க வைக்குமுன் தண்ணீரில் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். மடியில் லேப்டாப், டீ டம்ளர் கூடாது. வெயிலில் நின்ற வண்டி சீட்டில் அப்படியே தூக்கி வைக்காதீர்கள். பைக்கில் ஏற்றினால் சைலன்சர் பக்கம் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். தினமும் ராத்திரி குதிகால், புட்டம், முதுகு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்காதீர்கள். தயவுசெய்து, 'அவனுக்கு வலிக்கலையே, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விடாமல் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.