வாலையா, வடிகட்டியா? 'டிஸ்டில்டு வாட்டர்' தமிழில் என்ன?

'டிஸ்டில்டு வாட்டர்' என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பேட்டரிதான். மட்டம் இறங்கினால் ஊற்றுகிற தண்ணீர். அதனால்தான் குடிதண்ணீருக்காக வீட்டில் ஒரு டிஸ்டில்லர் (தண்ணீரை ஆவியாக்கி, குளிரவைத்துத் திரும்ப நீராக்கும் கருவி) வைக்கலாமா என்று பேச்செடுத்தால் "பேட்டரித் தண்ணியையா குடிக்கப் போறே?" என்று உடனே ஒரு கேள்வி வந்து விழுகிறது. எனக்கும் விழுந்தது. விளக்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, சட்டென்று சொல்ல எனக்கே ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. "வடிகட்டின தண்ணி" என்றேன். "அதான் ஏற்கெனவே ஃபில்டர் இருக்கே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, நான் சொன்ன சொல்தான் தப்பு.

பல இடங்களில் 'காய்ச்சி வடிகட்டிய நீர்' என்றே எழுதுகிறார்கள், பாடப்புத்தகத்தில்கூட இதைப் படித்த நினைவு பலருக்கும் இருக்கும். ஆனால் வடிகட்டுவது என்றால் நடுவில் ஒரு துணியோ சல்லடையோ தாளோ இருக்க வேண்டும், தண்ணீர் தண்ணீராகவே அதன் வழியாக இறங்க வேண்டும், மண்ணும் தூசியும் மேலே தங்க வேண்டும். தண்ணீரில் கரைந்துவிட்ட எதையும் அந்தத் துணி தடுக்காது. ஒரு கை உப்பைக் கரைத்து எட்டு மடிப்புத் துணியில் வடிகட்டிப் பாருங்கள், கீழே இறங்குவது உப்புத் தண்ணீர்தான். அதையே கொதிக்கவைத்து, எழும்பும் ஆவியை மட்டும் பிடித்துக் குளிரவைத்தால் உப்பு பாத்திரத்தின் அடியிலேயே கிடக்கும். இரண்டும் வேறு வேறு வேலை. 'காய்ச்சி வடிகட்டிய' என்று படிக்கிறவர் கொதிக்கவைத்துத் துணியில் இறுத்த தண்ணீர் என்று புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பேச்சுவழக்கில் 'வடிகட்டின முட்டாள்', 'வடிகட்டின பொய்' என்கிறோம். கலப்படமே இல்லாத, நூற்றுக்கு நூறு முட்டாள் என்று பொருள். அந்த அளவு சுத்தம் வடிகட்டலில் கிடைக்காது என்பது வேறு விஷயம், திட்டுவதற்குத் துல்லியம் தேவையில்லை.

சரி, மூலச்சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'ஸ்டில்லா' என்றால் துளி. அதன் முன்னால் 'கீழ்நோக்கி' என்று பொருள் தரும் 'டி' சேர்ந்து 'டிஸ்டில்லாரே' ஆனது, அதாவது துளித்துளியாகக் கீழே சொட்டுவது. ஆங்கிலத்தில் அந்தக் கருவிக்கு 'ஸ்டில்' என்று பெயர், அதுவும் இதிலிருந்து நறுக்கியெடுத்ததுதான். பழைய கண்ணாடி வாலைக்கு 'அலெம்பிக்' என்று ஒரு பெயர் உண்டு, அது அரபு 'அல்-அன்பீக்', அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் கிண்ணத்தைக் குறித்த 'அம்பிக்ஸ்'. ஆக ஒரு பெயர் சொட்டும் துளியைப் பார்த்து வைத்தது, இன்னொன்று பாத்திரத்தைப் பார்த்து வைத்தது. வடிகட்டி இரண்டிலும் இல்லை. கடல்நீர் ஆவியாகித் திரும்ப நீரானால் உப்பு இருக்காது என்பதை அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார், எனவே விஷயமும் புதிதல்ல.

தமிழில்? மேலே 'வாலை' என்று ஒரு சொல்லை நழுவவிட்டேனே, அதுதான். ஆவியாக்கிக் குளிரவைத்துச் சொட்டவிடும் பாத்திரத்துக்குத் தமிழில் வாலை என்று பெயர். வாலையந்திரம் என்றும் சொல்வார்கள். அகராதியைத் திறந்தால் இதே வடிவத்தில் இளம்பெண்ணும் ஒரு தெய்வமும் எதிரே வரலாம், குழம்ப வேண்டாம், அந்த வாலை வேறு. சித்த மருத்துவத்தில் வாலையில் இறக்கி எடுக்கிற மருந்துக்குத் 'தீநீர்' என்று பெயர், அகமருந்து, அதாவது உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து, 32 வகைகளில் அதுவும் ஒன்று. ஓமத்தீநீர் என்பதை 'ஓம வாட்டர்' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தீயில் பிறந்த நீர், எவ்வளவு அழகான சொல்! ஆனால் அது மருந்தின் சாரத்தை ஆவியோடு சேர்த்து மேலே கொண்டுவரும் வேலை. நமக்கு வேண்டியது நேர் எதிர், ஒன்றையும் கொண்டுவராமல் தண்ணீர் மட்டும் தனியாக வர வேண்டும். அதனால் குடிக்கும் தண்ணீருக்குத் தீநீர் என்ற பெயரைப் பிடுங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. (இதில் ஒரு வேடிக்கை, அதே மருத்துவத்தில் 'குடிநீர்' என்றால் தாகத்துக்குக் குடிப்பது இல்லை, கஷாயம்! நிலவேம்புக் குடிநீர் என்பதில் இருக்கும் குடிநீர் அதுதான்.)

'இறக்குதல்' என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். வாலையில் இறக்கினான், தைலம் இறக்கினான், திராவகம் இறக்கினான் என்பது தொழில் தெரிந்தவர்களின் பேச்சு. லத்தீன்காரர் 'கீழ்நோக்கி' என்று முன்னொட்டுச் சேர்த்துச் சொன்னதை நம்மவர்கள் ஒரே வினையில் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் வடித்தல். வெள்ளம் வடிகிறது, கண்ணீர் வடிக்கிறோம், சிலை வடிக்கிறோம், கவிதை வடிக்கிறோம். நீர் ஒழுகி இறங்குவது ஒரு பொருள், வேண்டியதை மட்டும் நிறுத்தி உருவம் கொடுப்பது இன்னொரு பொருள். 'வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே' என்று புறநானூற்றின் 312ஆம் பாட்டில் வருவது இரண்டாவது. வடிவேல் என்ற பெயரில் இருப்பதும் அந்தக் கூர்மைதான். இதில் 'கட்டு' வந்து ஒட்டியதும் சல்லடை வந்துவிடுகிறது, ஒட்டாதவரை சொல் சரியாகவே இருக்கிறது. எனவே செயலுக்குக் 'காய்ச்சி வடித்தல்', இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கச்சா எண்ணெயைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதைப் பாடப்புத்தகம் 'பின்னக் காய்ச்சி வடித்தல்' என்று சொல்வதும் இதை ஒட்டித்தான். 'காய்ச்சிய நீர்' என்று பாதியில் நிறுத்திவிடக் கூடாது. வெறுமனே காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் தண்ணீர் சுண்டச் சுண்ட அதிலிருக்கும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் அடர்த்தியாகும், குறையாது.

அடுப்பில் ஒருமுறை செய்து பார்த்தால் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு தாங்கி வைத்து, அதன்மேல் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி ஒரு கிண்ணத்தை வைத்தேன். குமிழ் உள்ள மூடியைக் கவிழ்த்து, குமிழ் கிண்ணத்துக்கு நேராகத் தொங்கும்படி மூடி, மேலே ஐஸ்கட்டியைப் போட்டேன். மூடி இறுக்கமாக இருக்கக் கூடாது, ஆவி தப்பிக்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி ஆபத்து. கொஞ்ச நேரத்தில் மூடியின் அடிப்பக்கம் முழுக்க வேர்த்தது. அந்த வேர்வை மெல்ல நகர்ந்து, பக்கத்துத் துளியோடு ஒட்டி, குமிழ்வரை வந்து அங்கேயே தொங்கியது. விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் கனம் தாங்காமல் 'டிக்' என்று கிண்ணத்தில் விழுந்தது. ஸ்டில்லா! சின்னத் தீயில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை டம்ளர் கிடைத்தது, அடியில் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருந்தது. நான் அதுவரை குடித்துக்கொண்டிருந்தது அந்தப் படலத்தையும் சேர்த்துத்தான்.

கடையில் விற்கும் மேசை டிஸ்டில்லரும் இதேதான், ஐஸுக்குப் பதில் ஒரு சுருள் குழாயும் மின்விசிறியும். சுமார் 4 லிட்டர் இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். ஏன் இவ்வளவு நேரம் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 315 கிலோஜூல் போதும், ஆனால் அப்படிக் கொதிக்கும் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க இன்னும் 2,260 கிலோஜூல் வேண்டும், ஏழு மடங்கு. கூட்டிப் பார்த்தால் லிட்டருக்குக் குறைந்தது 0.7 யூனிட் மின்சாரம், சுற்றிலும் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் இதில் ஒரு சிறு பங்கிலேயே வேலையை முடித்துவிடும், அதற்காகக் கணிசமான தண்ணீரைக் கழிவாக வெளியே விடும். வீடு முழுவதற்கும் குடிக்க இந்த முறையில் தண்ணீர் இறக்குவது கட்டுப்படியாகுமா என்று கேட்டால், பெரும்பாலும் ஆகாது என்பதே என் கருத்து. கரைந்த உலோகமோ கடுமையான உப்போ உள்ள தண்ணீர், வேறு வழியும் இல்லை என்ற இடத்தில்தான் இது பொருந்தும்.

இன்னொன்று, காய்ச்சி வடித்தால் எல்லாமே போய்விடும் என்று நம்ப வேண்டாம். தண்ணீரைவிடச் சீக்கிரம் கொதிக்கும் பொருள்கள் தண்ணீருக்கு முன்னாலேயே ஆவியாகிக் கிளம்பிவிடும். குளோரோஃபார்ம் 61 டிகிரியிலும் பென்சீன் 80 டிகிரியிலும் கொதிக்கின்றன. அவை தண்ணீரில் இருந்தால் முதலில் இறங்கும் துளிகளோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் நல்ல கருவிகளில் ஆவி வெளியேற ஒரு சிறு துளையும், சொட்டும் வாயில் கரித்தூள் பையும் வைக்கிறார்கள். நாமே அடுப்பில் செய்தால் முதலில் இறங்குவதைக் கொட்டிவிடுவது நல்லது.

ருசி? சப்பென்று இருக்கும். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் போய்விட்டன, அவ்வளவுதான். அவை நமக்குப் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்தே கிடைக்கின்றன, ஆகவே விஷம் என்று பயமுறுத்துவதும் அமிர்தம் என்று விற்பதும் இரண்டுமே வடிகட்டின பொய். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு லேசாக அமிலத்தன்மைக்கு மாறும், அதனால் செம்புப் பாத்திரத்தில் வைக்காமல் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வைக்கலாம்.

பேட்டரிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கென்று விற்கும் தண்ணீர் பெரும்பாலும் காய்ச்சி வடித்ததே அல்ல, உப்பின் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செயற்கைப் பிசின் வழியாகச் செலுத்தி அயனி நீக்கிய நீர். உப்புதான் போயிருக்குமே தவிர, கிருமி போயிருக்கும் என்று சொல்ல முடியாது, கேனும் குடிநீருக்கானது அல்ல. அதைக் குடிக்கக் கூடாது. ஆக 'பேட்டரித் தண்ணியா' என்று கேட்டவர்களும் பாதி சரிதான்.

கடைசியில் நான் வைத்துக்கொண்ட கணக்கு: செயல் காய்ச்சி வடித்தல், கருவி வாலை, வருவது வாலைநீர். 'காய்ச்சி வடித்த நீர்' என்றும் சொல்லலாம், பொருளில் குறையில்லை, என் பாட்டிலிலும் முதலில் அதைத்தான் எழுதி ஒட்டினேன். சீட்டில் இடம் போதாமல் 'நீர்' அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்த மாமா 'காய்ச்சி வடித்த' என்பதை மட்டும் படித்துவிட்டு, பாட்டிலைத் தூக்கி மோந்து பார்த்து, குரலைத் தாழ்த்தி "எங்கடா காய்ச்சுறே?" என்று கேட்டார். மறுநாள் சீட்டை மாற்றினேன், இப்போது 'வாலைநீர்' என்று இருக்கிறது.