குக்கி பட்டை போட்டால் சட்டம் முடிந்துவிடாது: இணையத்தில் விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு

திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் தைத்து இணையத்தில் விற்கும் ஒருவரின் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்கு மேலே, ஜிஎஸ்டி பதிவுச் சான்றுக்குப் பக்கத்தில், பொன்னிற முத்திரையோடு இன்னொரு சான்றிதழ் தொங்கியது. அவருடைய தளம் எல்லாத் தனியுரிமைச் சட்டங்களின்படியும் நடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. விலை 18,000 ரூபாய். விற்றவர்கள் தளத்தில் ஒரு குக்கி பட்டையையும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். குக்கி என்பது பார்வையாளரின் உலாவியில் தளம் சேமித்து வைக்கும் சிறு தகவல், அதற்கு ஒப்புதல் கேட்பதுதான் பட்டை. அவர் கணினியிலேயே தளத்தைத் திறந்து பார்த்தோம். 'ஏற்கிறீர்களா?' என்று பட்டை கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் தகவல் போய்க்கொண்டிருந்தது.

அப்படி ஒரு சான்றிதழை நம் நாட்டுச் சட்டம் எந்தக் கடைக்காரரிடமும் கேட்கவில்லை. போனில் யார் கேட்டாலும், எந்த அமைச்சகத்தின் பெயரைச் சொன்னாலும், பணம் கட்டாதீர்கள்.

சட்டம் இவ்வளவுதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல், அறிவிப்பு, பாதுகாப்பு பற்றிய கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், நடைமுறைக்கு வருகின்றன. 'நாளையே 250 கோடி அபராதம்' என்று மிரட்டுபவர் உங்கள் பயத்தை விற்கிறார். 250 கோடி என்பது தகவலைப் பாதுகாக்கத் தவறியதற்கான உச்ச வரம்பு. தவறின் தன்மை, அளவு, எத்தனை காலம் நடந்தது என்பதையெல்லாம் பார்த்துத்தான் இந்தச் சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

இனி, ஆட்கள் விழும் குழிகள்.

'நான் சிறு தொழில், உத்யம் பதிவு இருக்கிறது, எனக்கு விலக்கு உண்டு' என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சில வகை நிறுவனங்களுக்கு, ஸ்டார்ட்அப் உட்பட, சில பிரிவுகளிலிருந்து மத்திய அரசு அறிவிக்கை வழியாக விலக்குத் தரலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. உத்யம் எண் அந்த அறிவிக்கை ஆகாது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரிலும் '250 பேருக்குக் குறைவாக வேலை செய்தால் விலக்கு' என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பதிவேடு வைப்பது பற்றிய சலுகை, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒப்புதல் கேட்பதிலிருந்து அது யாரையும் விடுவிக்கவில்லை.

அடுத்தது ஒரு சொல்லை வைத்து நடக்கும் ஏமாற்று. நம் சட்டத்தில் 'கன்சென்ட் மேனேஜர்' என்று, மக்கள் தங்கள் ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் உதவும் ஓர் அமைப்பு உண்டு. அது தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் பதிவு செய்த இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும், குறைந்தது 2 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும். தளத்தோடு இணைக்கும் துணை மென்பொருளான பிளகினை விற்பவர்களோ தங்கள் மென்பொருளை 'கன்சென்ட் மேனேஜ்மென்ட்' என்று அழைக்கிறார்கள். பெயர் ஒன்றுபோலத் தெரிவதால், 'அரசு அங்கீகரித்த கன்சென்ட் மேனேஜர் கட்டாயம்' என்று சொல்லிச் சந்தாவைத் தலையில் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. உங்கள் தளத்தில் அப்படி ஒரு மேனேஜரை வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

நம் சட்டத்தில் 'குக்கி' என்ற சொல்லே இல்லை. அதனால் நமக்கு இது பொருந்தாது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் தனிநபர் தரவுதான். குக்கி அதைச் செய்தால் சட்டத்துக்குள் வந்துவிடும். ஒப்புதல் கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள்மீதே விழுகிறது. எந்த நாளில், எதற்கு 'சரி' சொன்னார் என்ற பதிவை வைக்காத பிளகின் வெறும் அலங்காரம். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வெளிநாட்டு பிளகின்கள் பலவற்றில் பிரெஞ்சும் ஜெர்மனும் இருக்கும், தமிழ் இருக்காது. வாங்கும் முன்பே கேளுங்கள்.

நாமக்கல், ஈரோடு பக்கம் பள்ளியும் டியூஷனும் நடத்துபவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. பள்ளிகளுக்குத் தரப்பட்டுள்ள சலுகை கல்விப் பணிக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும்தான். சேர்க்கை விளம்பரத்துக்கு அது உதவாது.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவர்களை இன்னொரு விதமாகக் குழப்புகிறார்கள். அங்கிருந்து ஒருவர் உங்கள் தளத்தைத் திறக்க முடிகிறது என்பதாலேயே 2018 மே 25 முதல் நடப்பிலுள்ள ஜிடிபிஆர் உங்கள்மீது பாயாது. கரூரிலிருந்து மேசை விரிப்பைக் கன்டெய்னரில் இறக்குமதியாளருக்கு அனுப்புவது ஒன்று. யூரோவில் விலை போட்டு, ஜெர்மனி வீடுகளுக்கே அனுப்புகிறோம் என்று எழுதி விற்பது வேறு. இரண்டாவது வகைக்குச் சட்டம் பொருந்தும். முதல் வகையினரும் அங்குள்ளவர்கள் தளத்தில் என்ன செய்கிறார்கள் என்று கண்காணிக்கும் கருவிகளை வைத்திருந்தால் அந்த வழியாகச் சட்டம் உள்ளே வரலாம். தேவையில்லாத கருவிகளை எடுத்துவிடுவதே மலிவான வழி. அவை தரும் புள்ளிவிவரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. ஏற்பதற்கு ஒரே சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்குகள் என்று வைத்திருந்ததற்காகக் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் அறிவித்தது. உங்கள் பட்டையில் 'ஏற்கிறேன்' பச்சையில் பெரிதாகவும், 'மறுக்கிறேன்' எங்கோ 'அமைப்புகள்' என்பதற்குள்ளேயும் இருக்கிறதா? அதே தவறுதான்.

பிளகின் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். கணினியில் குரோமில் இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்து உங்கள் தளத்துக்குப் போங்கள். பட்டையைத் தொடாதீர்கள். எஃப்12 விசையை அழுத்தி, 'அப்ளிகேஷன்' பகுதியில் 'குக்கீஸ்' பட்டியலைப் பாருங்கள். அடிக்கோட்டுக்குப் பின் ஜி, ஏ என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு பெயர் இருந்தால் அது பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ். எஃப், பி, பி என்று இருந்தால் விளம்பரத்துக்காகப் பின்தொடரும் பேஸ்புக் பிக்சல். கேட்பதற்கு முன்பே அவை வந்து உட்கார்ந்திருந்தால் பட்டை ஒன்றையும் தடுக்கவில்லை. பிறகு 'மறுக்கிறேன்' அழுத்திப் பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி பாருங்கள். கூடையில் போட்ட பொருளையும் உள்நுழைவையும் நினைவில் வைக்கும் குக்கிகள் இருக்கலாம், அவற்றுக்கு ஒப்புதல் தேவையில்லை.

பெரும்பாலும் கோளாறு எங்கே என்றால், தளம் செய்து கொடுத்தவர் அனலிட்டிக்ஸ் நிரலைத் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் தலைப்பகுதியில் நேரடியாக ஒட்டியிருப்பார். பல பிளகின்களால் அதைத் தானாகத் தடுக்க முடியாது. யூடியூப் வீடியோவும் கூகுள் எழுத்துருவும் இப்படியே நழுவும். கூகுள் எழுத்துருவைக் கூகுள் சர்வரிலிருந்தே இறக்கி, பார்வையாளரின் ஐபி முகவரியைக் கைமாற்றியதற்காக மூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஒரு தளத்தை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. எழுத்துருவை உங்கள் சர்வரிலேயே வைக்கச் சொல்லுங்கள், சிறிய வேலைதான். இந்தச் சோதனையைக் கண்முன்னே செய்து காட்டாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு. திருப்பூர் நண்பருக்காக நானும் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் 'இது எங்கள் துறை இல்லை' என்றார்கள். இன்னோர் இடத்தில் 'சிவில் வழக்கு' என்று சொல்லி மனுவை வாங்கவே மறுத்தார்கள். மூன்றாவது இடம் முதல் இடத்துக்கே திருப்பி அனுப்பியது. மூன்று நாள் கடையை மூடியதுதான் மிச்சம். எந்த இடத்திலும் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போனால் பணம் திரும்பாது. அது விதிக்கும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. பணத்துக்கு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 'வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல' என்று எதிர்த்தரப்பு முதலில் வாதாடும். அது வலுவான வாதம். ஆகவே இது உங்கள் சுயதொழில், பிழைப்பே இதுதான் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதி, ஆதாரத்தையும் இணையுங்கள். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, எஃப்12 திரையின் படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

பணம் அனுப்பிச் சில மணி நேரமே ஆகியிருந்தால் இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.