பந்தியில் இருந்த சாட்சி

“தாலி கட்டும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?”

“நான் பந்தியில இருந்தேங்க. கெட்டிமேளம் காதுல கேட்டுச்சு.”

எதிர்த்தரப்பு வக்கீல் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. எங்கள் தரப்பின் முதல் சாட்சியே அவர்தான்.

காரைக்குடிப் பக்கம் நடந்த சொத்து வழக்கு அது. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். கணவர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்; மனைவி வேறு சமூகம். 1989-இல் ஒரு நண்பர் வீட்டு முகப்பில், ஐயர் இல்லாமல், மாலை மாற்றித் தாலி கட்டிக் கல்யாணம். முப்பது வருடக் குடித்தனம். அவர் கண் மூடியதும் பங்காளிகள் போட்ட பதிலுரை: இது கல்யாணமே இல்லை. கோயில் மாலை வரவில்லை, இசைகுடிமானம் எழுதவில்லை, புள்ளி சேரவில்லை, மந்திரம் ஓதவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தாரில் கல்யாணம் ஆனால்தான் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம். ஒன்பது கோயிலில் அவரவர் கோயிலிலிருந்து மாலை வரும். கல்யாணச் சம்மதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது இசைகுடிமானம். அரசாங்கம் பதிவைக் கட்டாயமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே கல்யாணத்துக்குக் காகிதம் வைத்திருந்த சமூகம். அந்த ஒழுங்கின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சமூகம் வைத்திருக்கும் கணக்கு வேறு, கோர்ட் கேட்கும் கேள்வி வேறு.

சட்டப்படி அது கல்யாணமா என்ற அந்தக் கேள்வியும் நமக்குப் புதிதில்லை. ‘தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார்’ என்று ஒரு வழக்கு. எந்தச் சமூகத்து வழக்கு என்று பெயரே சொல்லும். புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின்படி பார்த்தால் சீர்திருத்தக் கல்யாணம் செய்துகொண்ட எத்தனையோ பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகுதான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இவரை ஏற்கிறேன் என்று புரிகிற மொழியில் சொன்னாலும் சரி, மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் சரி, அது கல்யாணம். முன்னால் அப்படி நடந்தவற்றுக்கும் அந்தப் பிரிவு உயிர் கொடுத்தது.

இதே பிரிவு சில ஆண்களின் கழுத்தையும் பிடித்திருக்கிறது. முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொண்ட ஒருவர், அக்னி முன் ஏழு அடி வைக்கும் சப்தபதிச் சடங்கு நடக்கவில்லை, அதனால் இரண்டாவது கல்யாணமே நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். தமிழ்நாட்டில் அது தேவையில்லை என்று 2001-இல் சொல்லிவிட்டார்கள். நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கு.

சரி, சர்டிபிகேட் இருந்தால் போதுமா? வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். விசாவுக்காக முதலில் பதிவு, கல்யாணம் தை மாதத்தில் என்று வரும் பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சடங்கே நடக்காமல் இந்து திருமணச் சட்டப்படி வாங்கிய சான்றிதழை வைத்துக் கல்யாணம் நடந்தது என்று சொல்ல முடியாது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நடந்த கல்யாணத்துக்குத்தான் பதிவு. தமிழ்நாட்டில் 2009 நவம்பருக்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அப்புறம், வீடியோக்காரரிடம் ட்ரோன் காட்சி கேட்கிறீர்களோ இல்லையோ, மாலை மாற்றுவதையும் தாலி கட்டுவதையும் வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். பத்திரிகை ஒன்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அந்த அம்மாவிடம் பத்திரிகையும் இல்லை, வீடியோவும் இல்லை. ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தைத் தேடினால், குறுக்கே நின்ற யாரோ ஒருவரின் முதுகுதான் தெரிகிறது. கடைசியில் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் மஞ்சளில் பிள்ளையார் சுழி, தேதி, அதன் கீழே வரிசையாகப் பெயர்கள். 11, 21, ஓரிடத்தில் 101 ரூபாய். மொய் நோட்டு. அந்தக் கையெழுத்துக்காரர் யாரென்று விசாரித்தோம். தேவகோட்டையில் இருந்தார், எழுபது தாண்டிய ஆள்.

கூண்டில் அவரிடமும் அதே கேள்வி வந்தது.

“நீங்களும் பந்தியில்தான் இருந்தீர்களா?”

“பணப்பெட்டியை விட்டுட்டு எப்படிங்க போறது? மணவறைக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்தேன். தாலி கட்டினதைப் பாத்துட்டு, மிச்ச மொய்யையும் எழுதி முடிச்சு, கடைசிப் பந்தியிலதான் சாப்பிட்டேன்.”

இந்த முறை எதிர்த்தரப்பில் யாரும் சிரிக்கவில்லை. நோட்டைச் சான்றாவணமாகக் குறித்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த மறுநாள் ஆபீஸுக்கு வந்தார். சொத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன்.

“தம்பி, அந்த நோட்டு எப்பக் கிடைக்கும்?”

அப்பீல் காலம் முடியட்டும் அம்மா என்றேன்.

“அப்ப ஒரு ஜெராக்ஸாவது போட்டுக் குடுங்க. திருப்பிச் செய்ய வேண்டிய மொய் இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு.”