ஹைப்போவா, ஹைப்பரா? பாதிச் சொல்லோடு வந்து நிற்பவர்களுக்கு

கை நடுக்கத்தோடும் படபடப்போடும் எதிரே அமர்ந்திருந்த செவ்வாய்பேட்டைப் பெண்மணி, தாம் மூன்று வாரமாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையின் அட்டையை மேசைமேல் வைத்தார். அவருக்கு இருப்பது தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய். அதற்குரிய கார்பிமசோல் மாத்திரை தீர்ந்துபோய், பழைய சீட்டும் காணாமல் போனதால், தம் நாத்தனார் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் தைராக்ஸின் மாத்திரையின் அட்டையைக் காட்டி, அதையே ஒரு கடையில் வாங்கியிருக்கிறார். நாத்தனாருக்கு இருப்பது குறைவாகச் சுரக்கும் நோய்; அந்தக் குறையை ஈடுகட்டத்தான் தைராக்ஸின். கடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே தைராய்டுதானுங்களே டாக்டர்?" என்று அவர் என்னைக் கேட்டபோது, எனக்கு வந்த கோபம் அவர்மேல் வந்ததன்று. சேலத்தில் பொது மருத்துவம் பார்க்கும் எவரைக் கேட்டாலும் இதே கதையை வேறு வேறு பெயர்களில் சொல்லுவார்.

"எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எனக்கும்தான் இருக்கிறது என்று பதில் சொல்லத் தோன்றும். கழுத்தின் முன்பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும் சுரப்பி அது. கிரேக்கத்தில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது; 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் சுரப்பிக்கு அதைச் சூட்டினார். நோயின் பெயர் அதுவன்று. சுரப்பிக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் பகுதி ஹைப்போ என்றோ ஹைப்பர் என்றோ முன்னால் ஒட்டியிருக்கிறது, அதைத்தான் நாம் பேச்சில் வெட்டி எறிந்துவிடுகிறோம்.

மருத்துவ ஆங்கிலத்தின் பெரும்பாலான சொற்கள் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டப்பட்டவை. அவற்றில் நடுத்துண்டு பெரும்பாலும் உறுப்பையோ பொருளையோ சொல்லும். கூடிற்றா குறைந்ததா என்பதை முன்துண்டு சொல்லும். நோயா, பரிசோதனையா, அறுவையா என்பதைப் பின்துண்டு சொல்லும். ஒத்து ஒலிக்கும் இரண்டு சொற்களில் பொதுவாக இருக்கும் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, வேறுபடுத்திக் காட்டும் ஒரே துண்டைத் தொலைத்துவிட்டு வருபவரிடமிருந்து எந்த மருத்துவரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஹைப்போ என்பது 'கீழே' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்; ஹைப்பர் என்பது 'மேலே' என்ற பொருளுடையது. இவற்றின் லத்தீன் உறவினர்களை நாம் ஏற்கெனவே நன்கு அறிவோம்: சப் இன்ஸ்பெக்டரில் இருக்கும் சப் ஹைப்போவுக்கு உறவு, சூப்பரின்டென்டன்ட்டில் இருக்கும் சூப்பர் ஹைப்பருக்கு உறவு. காவல் நிலையத்தில் இந்த இருவரையும் மாற்றி அழைக்க யாரும் துணியமாட்டார்கள். மருந்துக்கடையில் மட்டும் துணிகிறார்கள். பிரிட்டிஷ் பாணியில் பேசுபவர் வாயில் ஹைப்பரின் கடைசி ரகரம் கேட்காமலே போகும், ஆகவே தொலைபேசியில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். இதனால்தான் தொலைபேசியில் பேசும்போது 'கூடுதல்', 'குறைவு' என்று தமிழிலேயே சொல்லும்படி என் செவிலியர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி, என்னை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வக ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். என்ற எண்ணுக்கு எதிரே 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "தைராய்டு அதிகமாக இருக்கிறது, ஆகவே எனக்கு ஹைப்பர்" என்று முடிவுகட்டிக்கொண்டு வருபவர்கள் ஏராளம். படித்தவர்கள்தாம் இதில் கூடுதல். உண்மை இதற்கு நேர் எதிரானது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; அது தைராய்டில் சுரப்பதே இல்லை, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியில் சுரக்கிறது. அதன் நடு எழுத்து ஸ்டிமுலேட்டிங் என்பதைக் குறிக்கும். லத்தீனில் ஸ்டிமுலஸ் என்றால் மாட்டை ஓட்டும் தார்க்குச்சி. மாடு சுணங்கினால்தானே வண்டிக்காரர் குச்சியை அதிகம் பயன்படுத்துவார்? தைராய்டு மந்தமாகச் சுரக்கும்போது பிட்யூட்டரி மேலும் மேலும் குத்துகிறது, அதனால் டி.எஸ்.எச். ஏறுகிறது. ஆகவே டி.எஸ்.எச். கூடினால் பெரும்பாலும் ஹைப்போ, அது மிகவும் குறைந்தால் பெரும்பாலும் ஹைப்பர். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு என்று கொள்வார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை சற்று மாறும், கர்ப்பிணிகளுக்கு வேறு அளவு. பிட்யூட்டரியே பழுதாகும் அபூர்வமான நேர்வுகளில் இந்தக் கணக்கு பொருந்தாது. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றே: ரிப்போர்ட்டில் கூடியிருப்பது தார்க்குச்சியின் எண், மாட்டின் வேகம் அன்று. இதை நான் ஒவ்வொருவருக்கும் தாளில் வரைந்து காட்டியும், அடுத்த முறை வரும்போது "ஹைப்பர் இப்ப குறைஞ்சிருக்குதுங்களா?" என்றே கேட்கிறார்கள்.

ஹைப்பர்டென்ஷன் கதை இன்னொரு வகை. ஏற்காட்டில் காப்பித் தோட்டமொன்றில் கணக்கு எழுதும் ஒருவர், இரத்த அழுத்தம் 170க்கு 100 இருந்தும் மாத்திரையைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். "மலைமேல நிம்மதியா இருக்கறேனுங்க, எனக்கு டென்ஷனே கிடையாது" என்பது அவர் வாதம். தமிழில் டென்ஷன் என்ற சொல் மனக்கவலை என்ற பொருளில் ஊறிவிட்டதால் வந்த வினை இது. 'இழு', 'விறைப்பாக நீட்டு' என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல் அதன் மூலம். மருத்துவத்தில் அது இரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறிக்கிறதேயன்றி, மனத்தின் இறுக்கத்தைக் குறிக்கவில்லை. சாந்தசொரூபிகளுக்கும் அழுத்தம் 140க்கு 90ஐத் தாண்டி நிலைத்து நிற்கும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, இனி டென்ஷன் இல்லை என்று மாத்திரையை நிறுத்தியவர் பக்கவாதத்தோடு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

'சுகர்' என்ற ஒற்றைச் சொல்லும் இப்படித்தான் உயிரோடு விளையாடுகிறது. ஹைப்போகிளைசீமியா என்றால் கீழே, இனிப்பு, இரத்தம் என்ற மூன்று கிரேக்கத் துண்டுகள். ஹைப்பர்கிளைசீமியாவில் முதல் துண்டு மட்டும் மாறும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர் வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கும்போது, வீட்டார் "அவருக்குச் சுகர், இனிப்பு கொடுக்கக் கூடாது" என்று கட்டுப்பாட்டோடு நிற்கிறார்கள். அப்போது இறங்கியிருப்பதே சர்க்கரைதான். அளவு 70க்குக் கீழே இருந்தாலோ, அளக்கும் கருவி கையில் இல்லாமல் இந்த அறிகுறிகள் இருந்தாலோ, விழுங்கும் நினைவு இருக்கும்வரை மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்துபாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். ஏற்காட்டு மலைமேல் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த பிறகு சர்க்கரை கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வண்டியில் ஏற்றும் முன்பே கொடுங்கள்.

முன்துண்டை வெட்டுவதைப் போலவே பின்துண்டை வெட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. "அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணியாச்சு" என்கிறார்கள். எந்த ஆஞ்சியோ? ஆஞ்சியோ என்றால் குழாய், கலம் என்று மட்டுமே பொருள். ஆஞ்சியோகிராம் என்றால் குழாயை வரைந்து காட்டும் படம். டெலிகிராமில் இருக்கும் அதே 'எழுதியது' என்னும் துண்டு. ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் குழாயைப் பிடித்து உருவமைத்தல். பிளாஸ்டிக், பிளாஸ்டர் ஆகியவற்றின் வேரும் அதுவே. முன்னது பரிசோதனை, பின்னது சிகிச்சை. இதயக் குழாயில் பலூன் செலுத்தி அடைப்பை விரிக்கும் அந்தச் சிகிச்சையை 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முதன்முதலாகச் செய்தார். படம் மட்டும் எடுத்துக்கொண்டவருக்கும், குழாயை விரித்தபடி தாங்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை உள்ளே வைத்துக்கொண்டவருக்கும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பின்னவர், இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல் போன்ற மருந்தையும் சேர்த்துப் பல மாதங்கள் நிறுத்தாமல் சாப்பிட்டாக வேண்டும். பல் பிடுங்கவேண்டும் என்பதற்காக, இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மருந்துகளை நிறுத்தியவர் ஒருவர், மீண்டும் மாரடைப்போடு வந்தார். "ஆஞ்சியோதானே பண்ணினாங்க, சும்மா டெஸ்டுதானே?" என்று அவர் மகன் என்னிடம் கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிளாஸ்டி என்றே அச்சிட்டிருந்தது. அதை யாரும் பிரித்துப் படிக்கவில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. ஆஞ்சியோவுக்கும் ஆஞ்சைனாவுக்கும் பிறப்பில் உறவே இல்லை. ஆஞ்சைனா, கழுத்தை நெரிப்பது என்ற பொருளிலிருந்து வந்தது. நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் அந்த வலியை 1768இல் வில்லியம் ஹெபர்டன் லண்டன் மருத்துவர்கள் முன்னிலையில் விவரித்தார். ஸ்டென்ட்டைப் பலர் 'ஸ்டன்ட்' என்கிறார்கள், அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. அது 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் பல் மருத்துவராக இருந்த சார்லஸ் ஸ்டென்ட் என்பவரின் பெயர். பல் அச்செடுக்க அவர் செய்த பொருளை முதல் உலகப் போர்க் காலத்தில் தோலொட்டு அறுவைக்குப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து அவர் பெயர் இதயத்துக்குள் போய்ச் சேர்ந்தது. பிராஸ்டேட்டைப் 'பிராஸ்ட்ரேட்' என்பதும் மன்னிக்கத்தக்கதே: முதலாவது, முன்னே நிற்பவர் என்ற கிரேக்கப் பொருளில் சிறுநீர்ப்பைக்கு முன்னிருக்கும் சுரப்பி, இரண்டாவது, லத்தீன் வழியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடப்பது.

யூராலஜியும் நியூராலஜியும் அப்படி மன்னிக்கத்தக்கவை அல்ல, ஏனெனில் அங்கே நேரம் போகிறது. யூரான் என்றால் சிறுநீர், நியூரான் என்றால் நரம்பு. கை கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவரை யூராலஜி அறை வாசலில் வரிசையில் உட்காரவைத்திருந்த குடும்பத்தைப் பற்றி, பெரிய மருத்துவமனையொன்றில் வேலை செய்யும் நண்பர் சொன்னார். பக்கவாதத்தில், இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அத்தகையவரை எந்த '-லஜி'யையும் தேடி அழைத்துப் போகவேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருந்துகளின் பெயர்களுக்கு வந்தால், குற்றம் மக்களுடையது அன்று. மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்தின் பெயரை லத்தீனில் பிரித்தால் முதல் துண்டு 'அரிவாள்' என்று வரும். நுண்ணோக்கியில் அதன் ஒரு பருவம் பிறைபோல் வளைந்து தெரியும். அந்தப் பெயரின் தலையை எடுத்து ஃபால்சிகோ என்று ஒரு நிறுவனமும் ஃபால்சிடாப் என்று இன்னொரு நிறுவனமும் மருந்து விற்றன. ஒன்றில் ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுயின். அந்த வழக்கில்தான் 2001இல் உச்ச நீதிமன்றம், மற்றப் பொருள்களைவிட மருந்துப் பெயர்களின் ஒற்றுமையைக் கடுமையாக அளக்கவேண்டும், மாறிப்போனால் உயிருக்கே கேடு என்று சொன்னது. அமெரிக்காவில் வயிற்று அமிலத்துக்கான லோசெக் என்ற மருந்து, சிறுநீரைப் பெருக்கும் லேசிக்ஸோடு குழம்பியதால், 1990இல் அதன் பெயரையே மாற்றவேண்டி வந்தது. நம் ஊரில் அந்த லேசிக்ஸ், கண்ணாடியைக் கழற்றச் செய்யும் லேசிக் கண் சிகிச்சையோடும் குழம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே, தயவுசெய்து அட்டையை வெட்டி எறியாதீர்கள்; பெயர் அச்சிட்ட பக்கம் கடைசி மாத்திரை தீரும்வரை இருக்கட்டும். வாயால் பெயர் சொல்லி மருந்து வாங்காதீர்கள். அக்கம்பக்கத்தார் அட்டையைக் காட்டி வாங்கவே வாங்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பூட்டிவைப்பதால் யாருக்குப் பயன்? அதன் முதல் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டில் இருவரிடமாவது இருக்கும்படி செய்யுங்கள். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னவுடன், கூடுதலா குறைவா, டெஸ்டா சிகிச்சையா என்று தமிழில் கேட்டு, அந்தத் தமிழ்ச் சொல்லையே சீட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வயதான தாய் தந்தையரைத் தனியாக அனுப்பும் பிள்ளைகளே, அந்தக் குறிப்பை அவர்கள் சட்டைப் பையிலோ சுருக்குப்பையிலோ வைத்து அனுப்புங்கள்.

மருந்துகளின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுதவேண்டும் என்று மருத்துவர்களாகிய எங்களுக்கு 2016இலிருந்தே விதி இருக்கிறது; அதை எல்லோரும் பின்பற்றுகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்துக்கடை நண்பர்களே, சீட்டில் எழுத்து புரியாவிட்டால் ஊகிக்காதீர்கள், எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அவர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை, மறுபடியும் கேளுங்கள்.