சாக்லேட்டில் வெள்ளை படிந்தால் தூக்கிப் போட வேண்டுமா?

உணவுத் தரப் பரிசோதனை என் வேலை. "சாக்லேட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது" என்று எங்களிடம் வரும் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றில் பூஞ்சை இருப்பதில்லை. சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் படலம்தான் இருக்கும். பூஞ்சை வளர ஈரம் வேண்டும். உள்ளே பூரணம் எதுவும் இல்லாத சாக்லேட்டில் தண்ணீர் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

அந்த வெள்ளை பெரும்பாலும் கொக்கோ வெண்ணெய். இந்தக் கொழுப்பு ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. ஐந்தாவது வகைதான் பளபளப்பையும், உடைக்கும்போது 'டக்' என்ற சத்தத்தையும் தருகிறது. அது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகுவதால்தான் சாக்லேட் வாயில் போட்டதும் கரைகிறது. வெயிலில் நிற்கும் காரிலோ அடுப்புப் பக்கத்து அலமாரியிலோ சாக்லேட் இளகி, மறுபடி தன் போக்கில் உறைந்தால் அந்த ஒழுங்கு குலைந்து, கொழுப்பு மேலே வந்து படிகிறது. இளகாமலே இருந்தாலும் மாதக்கணக்கில் வைத்தால் ஐந்தாவது வகை மெல்ல ஆறாவதாக மாறி வெளுக்கும். உள்ளே பாதாம், ஹேசல்நட் மாதிரி கொட்டைகள் இருந்தால் அவற்றின் எண்ணெயும் கசிந்து இதைச் சீக்கிரப்படுத்தும்.

இன்னொன்று சர்க்கரை. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபிரிட்ஜ். குளிர்ந்த சாக்லேட்டை வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் வியர்க்கும், சர்க்கரை அதில் கரையும், நீர் காய்ந்ததும் சொரசொரப்பாகப் படியும்.

எது என்று தெரிய விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். கொழுப்பு என்றால் விரல் சூட்டில் உருகி மறையும். சர்க்கரை சொரசொரப்பாகவே இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் தெரியும்: கொழுப்பின் மேல் முத்தாக நிற்கும், சர்க்கரையில் பரவிவிடும்.

சரி, சாப்பிடலாமா? இரண்டையுமே தாராளமாகச் சாப்பிடலாம். மணல் மாதிரி நெருடும், ருசி கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். அப்படியே தின்னப் பிடிக்காவிட்டால் உருக்கி கேக் மாவில் சேர்த்துவிடலாம்.

ஆனால் க்ரீம், பழக்கூழ் வைத்த சாக்லேட்டின் கதை வேறு. அவற்றில் ஈரம் உண்டு, பூஞ்சை நிஜமாகவே வரும். பஞ்சு மாதிரி மயிர்த்தன்மை, பச்சை அல்லது கருப்பு நிறம், புளித்த வாடை தெரிந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைத் தின்பதும் வேண்டாம். எந்தச் சாக்லேட்டாக இருந்தாலும் சிறு ஓட்டைகளோ நூலாம்படையோ தெரிந்தால் பூச்சி புகுந்துவிட்டது என்று அர்த்தம். கொட்டை போட்டதில் சிக்கு வாடை அடித்தாலும் வேண்டாம்.

வைக்க ஏற்றது 15 முதல் 18 டிகிரி, ஈரப்பதம் இல்லாத, வெளிச்சம் படாத இடம். சாக்லேட் மற்ற வாடைகளையும் இழுத்துக்கொள்ளும். வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வீடு சூடாக இருந்து ஃபிரிட்ஜைத் தவிர வழியில்லை என்றால், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் டப்பாவோடு அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். அப்புறம் பிரித்தால் வியர்க்காது.