ஆண்டெனா: சொல்லின் வரலாறும் அதற்குரிய தமிழும்

இருவழி வானொலிக் கருவிகளை வாங்கி நிறுவுவோர் அடிக்கடி எடுத்தாளும் சொற்களுள் ஆண்டெனா முதன்மையானது. கையடக்க வாக்கி டாக்கியின் தலையில் நிற்கும் குட்டையான ரப்பர் தண்டு, விசைப்படகின் சுக்கான் அறைக்கு மேல் நிற்கும் வெண்ணிறக் குழல், காவல்துறை வாகனத்தின் கூரையில் காந்த அடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி, மலையுச்சியில், பேச்சை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டருக்காக நிறுத்தப்பட்ட நீண்ட தடி ஆகிய அனைத்தையும் இந்த ஒரே சொல் குறிக்கிறது. வடிவத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இவற்றை ஒரு பெயரால் அழைப்பதற்குக் காரணம் அவற்றின் தொழில் ஒன்றாக இருப்பதே. அனுப்பும் கருவியாகிய செலுத்தியிலிருந்து கேபிள் வழியாக வரும் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை மின்காந்த அலையாக்கி வெளியே விடுவதும், வெளியிலிருந்து வந்து படும் அலையை மிகச் சிறிய மின்னோட்டமாக்கிக் கருவிக்கு அளிப்பதும் ஆண்டெனாவின் வேலை. செலுத்துவதற்கு ஏற்ற திசையும் அதிர்வெண்ணும் எவையோ அவையே வாங்குவதற்கும் ஏற்றவை என்பது இவ்வுறுப்பின் அடிப்படைப் பண்பாகும். தமிழ்ப் பெயர்களை எடைபோடும்போது இந்தப் பண்பையே அளவுகோலாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

எழுத்துமுறையைப் பொறுத்தவரை ஆன்டெனா, ஆண்டெனா, ஆன்டனா எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. இலங்கைத் தமிழர் அங்குள்ள ஒலிபெயர்ப்பு மரபின்படி அன்ரெனா என்றும் எழுதுவர். தமிழில் டகரத்திற்கு முன் வரும் மெல்லினம் ணகரமே என்பதைத் தண்டு, வண்டு, கண்டம் முதலிய சொற்கள் காட்டுவதால், கடன்சொல்லாகவே எழுதுவதானால் ஆண்டெனா என்பது தமிழ் நாவுக்கு இயைந்த வடிவம் என்று கருதி, இக்கட்டுரையில் அதையே பின்பற்றுகிறேன்.

சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. இலத்தீன் மொழியில் ஆண்டெனா என்பது பாய்மரத்தின் மேலே குறுக்காகக் கட்டப்பட்டு, பாயைத் தாங்கி நிற்கும் நீண்ட கழியின் பெயர். தமிழ்க் கடலோடிகள் பருமல் என்று அழைப்பது இதனையே. இலத்தீனில் ஆண்டெம்னா என்ற வடிவமும் இருந்தது. அதற்கும் முந்திய வேர் எது என்பது உறுதிப்படவில்லை. முக்கோணப் பாய் கட்டும் மரக்கலங்களில் பருமல் கிடைமட்டமாக இராமல், ஒரு முனை தாழ்ந்தும் மறுமுனை வானை நோக்கி உயர்ந்தும் சாய்ந்திருக்கும். தொலைவிலிருந்து நோக்கினால் கலத்தின் உடலிலிருந்து ஒரு கொம்பு நீண்டிருப்பதாகவே தோன்றும்.

கப்பற்சொல் பூச்சியின் தலைக்கு ஏறிய கதை இன்னும் சுவையானது. வண்ணத்துப்பூச்சி முதலிய சிற்றுயிர்களின் கண்களுக்கு முன்னால் நீண்டிருக்கும் உறுப்புகளைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கெராயா என்ற சொல்லால் குறித்தார். கொம்பு என்று பொருள்படும் கெரஸ் என்பதிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் பாய்மரப் பருமல் என்ற பொருளும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோடர் காசா, அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது, கெராயாவின் இரு பொருள்களுள் பருமலைப் பற்றிக்கொண்டு ஆண்டெனா என்ற இலத்தீன் சொல்லை இட்டார். கொம்பு என்ற பொருளைப் பற்றியிருந்தால் இன்று உலகம் வேறொரு சொல்லை வழங்கிக்கொண்டிருக்கும். எவ்வாறாயினும் அவருடைய தேர்வு நிலைத்தது. ஐரோப்பிய மொழிகளின் பூச்சியியலில் ஆண்டெனா வேரூன்றியது.

வானொலிக்கு அது வந்தது பூச்சியின் வழியாக அன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வானொலி முன்னோடி குலியெல்மோ மார்க்கோனி 1895-இல் இத்தாலியின் பொலோஞா நகருக்கு அருகே தம் தந்தையின் பண்ணையில் ஆய்வுகளை நடத்தியபோது, உயரத்தில் கட்டிய கம்பி, செய்தி செல்லும் தொலைவைப் பெருக்குவதைக் கண்டார். இத்தாலிய மொழியில் கூடாரத்தின் நடுக்காலுக்கும் நெட்டையான கழிக்கும் ஆண்டெனா என்றே பெயர் வழங்கிற்று. கம்பியைத் தாங்கிய கழியின் பெயர், காலப்போக்கில் கம்பிக்கே ஆகிவந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இதற்கு முன்பே, 1880-களின் பிற்பகுதியில், ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் தம் ஆய்வகத்தில் இருமுனைக் கம்பியையும் வளையத்தையும் கொண்டு அலைகளை எழுப்பியும் உணர்ந்தும் காட்டிவிட்டார். ஆகவே பொருள் பெயருக்கு மூத்தது. ஆங்கிலேயர் காற்றுவெளியில் தொங்கும் கம்பி என்ற கருத்தில் ஏரியல் என்று வழங்கினர். வால்வு வானொலிப் பெட்டிகளின் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளின் கூரைமேல் இரு மூங்கில்களுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிக்கு ஏரியல் என்ற பெயர் வழங்கியதும், தொலைக்காட்சி பரவிய பிறகு ஆண்டெனா மேலோங்கியதும் இதனால்தான்.

இனித் தமிழில் முன்வைக்கப்பட்ட பெயர்களைப் பார்க்கலாம். அலைவாங்கி, வானலை வாங்கி, அலைக்கம்பம், அலைக்கம்பி, வான்கம்பி, உணர்கொம்பு ஆகியவை அகராதிகளிலும் இதழ்களிலும் பாடநூல்களிலும் ஆங்காங்கே தென்படுகின்றன. இவற்றுள் அலைவாங்கி மிகவும் பரவலானது. அது தொலைக்காட்சியை மட்டும் கண்ட ஒரு தலைமுறை உருவாக்கிய சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னைத் தூரதர்ஷன் 1975-இல் தொடங்கிய பின் மாடிகளில் முளைத்தவையும், 1980-களில் தென் மாவட்டங்களில் இலங்கையின் ரூபவாகினிக்காகத் திருப்பி வைக்கப்பட்டவையும் அலையை வாங்கின, எதையும் அனுப்பவில்லை. அவற்றுக்கு அப்பெயர் பொருந்தும். இருவழி வானொலியிலோ பேசும் பொத்தானை அழுத்திய கணத்தில் அதே உறுப்பு அலையை அனுப்பத் தொடங்கிவிடுகிறது.

ரிப்பீட்டரில் இக்குறை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். உயரமான இடத்தில் இருந்துகொண்டு, ஓர் அதிர்வெண்ணில் வரும் பேச்சை வாங்கி அதே நேரத்தில் மற்றோர் அதிர்வெண்ணில் வலுவாகப் பரப்புவதே ரிப்பீட்டர். அதனை மறுபரப்பி என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆர்வலர்கள் உரிமம் பெற்று இயக்கும் அமெச்சூர் வானொலியின் 2 மீட்டர் பட்டையில், அதாவது இந்தியாவில் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையில், வாங்கும் அதிர்வெண்ணுக்கும் பரப்பும் அதிர்வெண்ணுக்கும் உள்ள இடைவெளி வழக்கமாக 0.6 மெகா ஹெர்ட்ஸ்தான். ஆயினும் பெரும்பாலான மறுபரப்பிகளில் இரண்டு வேலைக்கும் ஒரே ஆண்டெனாவே நிற்கிறது. டூப்ளெக்ஸர் எனப்படும் உலோக உருளை வடிகட்டிகளின் தொகுதி, பல வாட் திறனோடு வெளியேறும் அலை, மைக்ரோவோல்ட் அளவில் உள்ளே வரும் அலையை மூழ்கடித்துவிடாமல் காக்கிறது. ஒரே நொடியில் வாங்கவும் வழங்கவும் செய்யும் உறுப்பை வாங்கி என்று அழைப்பது, கடைக்காரரை வாங்குபவர் என்று அழைப்பதற்கு ஒப்பாகும்.

அலைக்கம்பத்தின் சிக்கல் வேறுவகையானது. கம்பம் என்பது தாங்கி நிற்பது. இருவழி வானொலியை நிறுவுவோருக்குக் கம்பம் தனியாகவும் அதன் உச்சியில் பொருத்தப்படும் உறுப்பு தனியாகவும் வேண்டும். தரைமட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில் ஆண்டெனாவை வைத்தால், அலை நேராக எட்டும் எல்லையாகிய வானொலித் தொடுவானம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 100 மீட்டர் உயரத்தில் அது 41 கிலோமீட்டரை எட்டும். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கிடைக்கும் இந்தக் கணக்கில் உயரம் தருவது கம்பம். அலையை விடுவது ஆண்டெனா. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அலைக்கம்பத்தைக் கம்பத்தின் உச்சியில் இறுக்குக என்று எழுத நேர்வது நகைப்புக்குரியது. தவிரவும், கம்பமே இல்லாத ஆண்டெனாக்கள் ஏராளம். அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த குறிப்பொலியை 1901 டிசம்பர் 12 அன்று நியூபவுண்ட்லாந்தில் மார்க்கோனி வாங்கியபோது, அவருடைய கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தது ஒரு காற்றாடி. அலைக்கம்பி, வான்கம்பி ஆகியவை இந்தக் குறையிலிருந்து தப்பினாலும், கிண்ண வடிவத்தையும் கைப்பேசிக்குள் இருக்கும் தட்டையான உலோகப் படலத்தையும் கம்பி என்று சொல்ல இயலாமல் தடுமாறுகின்றன. உணர்கொம்பு பூச்சியியலில் மிகச் செம்மையான சொல். ஆனால் உணர்தல் என்ற அடைமொழி மீண்டும் அலைவாங்கியின் ஒருபக்கச் சார்பையே கொண்டுவந்து சேர்க்கிறது.

அந்த அடைமொழியை நீக்கிவிட்டுக் கொம்பை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்பதே என் கேள்வி. தமிழில் கொம்பு என்பது விலங்கின் கொம்பு மட்டுமன்று. மரக்கிளை கொம்பு, திருக்குறள் நுனிக்கொம்பர் என்பது அதனையே. கொடி படர நட்ட கழி கொழுகொம்பு. எழுத்தின் முன்னால் வளைந்து நிற்கும் குறியும் கொம்புதான். ஆண்டெனா என்று எழுதும்போது டெகரத்தின் முன் நிற்பது ஒற்றைக்கொம்பு. இப்போது கிரேக்கத்துக்குத் திரும்பினால் வியப்பு காத்திருக்கிறது. கெராயாவுக்கும் கொம்பு போன்ற நீட்சி, நீண்ட கழி, எழுத்தின் சிறு கோடு என்னும் மூன்று பொருள்களும் உண்டு. மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரம் 18-ஆம் வசனத்தில் தமிழ் விவிலியம் எழுத்தின் உறுப்பு என்று பெயர்த்திருப்பது கிரேக்க மூலத்தில் இந்தக் கெராயாதான். இன்றைய கிரேக்கத்திலும் பூச்சியின் உறுப்புக்கும் வானொலியின் உறுப்புக்கும் கெராயா என்ற பெயர் வழங்குகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள் ஒரே படிமத்தில் மூன்று பொருள்களையும் கண்டிருக்கும்போது, அலைக்கொம்பு என்ற ஆக்கம் வலிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அலையை விடுவது, வாங்குவது என்ற இரண்டில் எதையும் விலக்காமல், உடலிலிருந்து வெளியே நீண்டிருக்கும் உறுப்பு என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது.

மறுப்புகளும் உண்டு. கொம்பு முளைத்திருக்கிறதா என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது கேலியாக ஒலிக்கும் என்பது ஒன்று. பழக்கம் அதனை ஆற்றிவிடும். இரண்டாவது மறுப்பு கனமானது. நுண்ணலைப் பொறியியலில் வாய் விரிந்த ஒருவகை ஆண்டெனாவுக்கு ஆங்கிலத்தில் ஹார்ன் என்று பெயர். அதனை நேராகப் பெயர்த்தால் கொம்பு அலைக்கொம்பு என்றாகிவிடும். ஆனால் அங்கே ஹார்ன் என்பது ஊதுகருவியின் விரிந்த வாயைச் சுட்டுகிறது. கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ், இந்த வடிவத்தை 1897 அளவிலேயே பயன்படுத்தி, சேகரிக்கும் புனல் என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டிருக்கிறார். அவரைப் பின்பற்றிப் புனல் அலைக்கொம்பு என்று சொல்வது தெளிவும் தருகிறது, நம் நாட்டு ஆய்வு மரபோடும் இணைகிறது. கிண்ணத்தையும் தட்டையான படலத்தையும் கொம்பு என்று சொல்லலாமா என்பது மூன்றாவது; பருமலின் பெயர் அவற்றுக்கு ஆகிவந்ததைப் போலவே இதுவும் ஆகிவரும் என்பதைத் தவிர இதற்கு விடையில்லை.

ஒரு கலைச்சொல்லின் தகுதி அதிலிருந்து பிறக்கும் கூட்டுச்சொற்களில்தான் வெளிப்படும். அலைநீளத்தில் கால் பங்கு உடையதைக் கால் அலைக்கொம்பு என்றும், பாதி உடையதை அரை அலைக்கொம்பு என்றும் கூறலாம். மெகா ஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் 75-ஐ வகுத்தால் முன்னதன் நீளம் மீட்டரில் கிடைக்கும். கடல்சார் வானொலியின் 16-ஆம் அலைவரிசையாகிய 156.8 மெகா ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 48 சென்டிமீட்டர். நடைமுறையில் ஓரிரு சென்டிமீட்டர் குறைத்தே வெட்டுவர். கால் அலைக்கொம்புக்கு வாகனக் கூரை போன்ற உலோகத் தளமோ கீழே விரிந்த சில கம்பிகளோ துணைநிற்க வேண்டும். வாக்கி டாக்கியோடு வரும் ரப்பர் தண்டு, சுருளாக்கிக் குறுக்கப்பட்ட குறுங்கொம்பு. சட்டைப்பையில் அடங்குவதற்காகத் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்தது அது. எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புவது சூழ்திசைக் கொம்பு, ஒரு பக்கம் குவிப்பது ஒருதிசைக் கொம்பு. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் 1926-இல் ஆய்வாளர்கள் யாகியும் உடாவும் வெளியிட்ட வடிவம் இரண்டாம் வகையினது. உழைப்பின் பெரும்பகுதி உடாவுடையதாக இருந்தும் உலகம் அதனை யாகி என்றே சுருக்கிவிட்டது.

அலை செங்குத்தாக அதிர்கிறதா கிடையாக அதிர்கிறதா என்னும் முனைவாக்கத்தைக் குறிப்பதற்கும் கொம்பு கைகொடுக்கிறது. செங்குத்தாக நிற்பது நிமிர்கொம்பு, கிடைமட்டமாக இருப்பது படுகொம்பு. மறுபரப்பிகளும் வாகன வானொலிகளும் நிமிர்கொம்பையே பயன்படுத்துவதால், பழைய தொலைக்காட்சியின் யாகியைப் பார்த்து 2 மீட்டர் பட்டைக்கு ஒன்றைச் செய்து, அதன் குறுக்குக் கம்பிகளைப் படுத்த நிலையிலேயே ஏற்றி வைப்பவர், திசை சரியாக இருந்தும் ஏன் கேட்கவில்லை என்று திகைப்பார். யாகியை அதன் அச்சிலேயே 90 பாகை சுழற்றிவிட்டால் போதும்.

அலைக்கொம்புக்கும் கருவிக்கும் இடையே ஓடுவதை ஊட்டுகம்பி எனலாம். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை 15 மீட்டர் நீளத்துக்கு இழுத்தால் 2 மீட்டர் பட்டையில் ஏறக்குறைய பாதித் திறன் அதிலேயே தீர்ந்துவிடும். கொம்பும் கம்பியும் எவ்வளவு பொருந்தியுள்ளன என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவைத் தமிழில் நிலையலை விகிதம் என்று எழுதுகின்றனர். அது 2 ஆக இருந்தால் கொம்பை அடையும் திறனில் 11 விழுக்காடு திரும்பி வருகிறது. 3-க்கு மேல் போனால் செலுத்தியை இயக்காமல் இருப்பதே நல்லது.

கடையில் கேட்கும்போது ஆண்டெனா என்றே கேட்க வேண்டும். அங்கே அலைக்கொம்பு என்று சொல்லி ஒருவரைக் குழப்புவதில் பயனில்லை. பாடநூல், கையேடு, அரசாணை, செய்தி ஆகியவற்றில் முதல் இடத்தில் இரண்டையும் இணைத்து எழுதிவிட்டுத் தொடர்ந்து அலைக்கொம்பை வழங்கலாம். பூச்சிக்குரிய உணர்கொம்பை அப்படியே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் பன்மை வடிவத்தை வைத்துப் பூச்சியினுடையதையும் வானொலியினுடையதையும் பிரித்தறிய வேண்டியிருக்கும் இடத்தில், தமிழில் அடைமொழியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.